விடை முதலில், கணக்கு பிறகு: ஐ.எம்.எஃப் வாக்குகள் யார் கையில்?

1943 ஏப்ரல் நடுவில் அமெரிக்க நிதித்துறையின் உயரதிகாரி ஹாரி டெக்ஸ்டர் ஒயிட், தன்னிடம் வேலை பார்த்த ரேமண்ட் மைக்செல் என்ற இளம் பொருளாதாரரை அழைத்து ஒரு வேலை கொடுத்தார். போருக்குப் பிறகு உலக நாடுகள் சேர்ந்து ஒரு பொது நிதியம் தொடங்கப் போகின்றன. எந்த நாடு எவ்வளவு பணம் போடுவது, எந்த நாட்டுக்கு எத்தனை வாக்கு என்று சொல்ல ஒரு சூத்திரம் வேண்டும். தேசிய வருமானம், கையிருப்பில் உள்ள தங்கமும் டாலரும், வெளிநாட்டு வணிகம் ஆகியவற்றை வைத்து அதைக் கட்ட வேண்டும். எதற்கு எவ்வளவு எடை என்பதை மைக்செல்லே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் விடை மட்டும் இப்படித்தான் வர வேண்டும்: அமெரிக்காவுக்குச் சுமார் 290 கோடி டாலர், பிரிட்டனுக்கு, அதன் காலனிகளையும் சேர்த்து, அதில் பாதி, சோவியத் ஒன்றியத்துக்கு பிரிட்டனைவிடச் சற்றுக் குறைவு, சீனாவுக்கு அதற்கும் கொஞ்சம் கீழே.

இந்த வரிசைக்கும் பொருளாதாரத்துக்கும் சம்பந்தம் குறைவு. போரில் அமெரிக்காவையும் சேர்த்துப் பெரிய கூட்டாளிகள் நால்வர் என்று அதிபர் ரூஸ்வெல்ட் வகுத்திருந்த வரிசை அது. மைக்செல் எடைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பல தடவை முயன்று, கேட்ட விடையை ஏறத்தாழத் தருகிற ஒரு சூத்திரத்தைக் கொண்டுவந்தார். தேசிய வருமானத்தில் 2 சதவீதம், தங்க டாலர் கையிருப்பில் 5 சதவீதம், சராசரி இறக்குமதியில் 10 சதவீதம், ஏற்றுமதி ஏற்ற இறக்கத்தில் 10 சதவீதம். இவற்றின் கூட்டுத்தொகையை, வருமானத்தில் ஏற்றுமதியின் பங்கு எவ்வளவோ அந்த விகிதத்தில் மேலும் உயர்த்த வேண்டும். மறு ஆண்டு பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் பிற நாட்டுப் பிரதிநிதிகள் இந்தத் தொகைகள் எப்படி வந்தன என்று கேட்டபோது, இருபது நிமிடம் சுற்றி வளைத்துப் பேசிவிட்டுச் சூத்திரத்தைச் சொல்லாமலே உட்கார்ந்ததாக மைக்செல் பின்னாளில் தானே எழுதினார்.

பன்னாட்டு நாணய நிதியத்தில், நாம் பழக்கத்தில் சொல்கிற ஐ.எம்.எஃப்-இல், எந்த நாட்டுக்கு எவ்வளவு குரல் என்ற பேச்சு எப்போது எழுந்தாலும் பதிலாக ஒரு சூத்திரம் நீட்டப்படுகிறது. வளர்ந்துவிட்டால் உங்கள் பங்கும் தானாக வளரும், அவசரப்படாதீர்கள் என்கிறார்கள். மைக்செல்லின் மேசையில் நடந்ததைத் தெரிந்துகொண்டால் அந்தப் பதிலுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பது விளங்கும். இங்கே அரசியல் முடிவுதான் முதலில் வந்தது. கணக்கு அதற்குப் பின்னால் வந்தது. இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

1944 ஜூலையில், அந்தப் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்காக, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மலையடிவார ஓட்டல் ஒன்றில் 44 நாடுகள் கூடின. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை நான்கே: எகிப்து, எத்தியோப்பியா, லைபீரியா, தென்னாப்பிரிக்கா. மற்ற ஆப்பிரிக்க நாடுகளும் ஆசியாவில் பெரும்பகுதியும் அப்போது இன்னொருவரின் காலனிகள். மாநாட்டுக்கு அழைக்கப்பட்ட சிறு நாடுகளின் பட்டியலைப் பார்த்த பிரிட்டிஷ் பொருளியல் மேதை கெய்ன்ஸ், இவை கொண்டுவர ஒன்றுமில்லாதவை என்று எழுதி, அந்தக் கூட்டத்தை ஒரு குரங்குக் கூண்டு என்றே வர்ணித்தார். நிதியத்தின் விதிகளில் பாதியை உருவாக்கிய மனிதரின் மனநிலை அது. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

இந்தியா அந்த மாநாட்டில் ஒரு விசித்திரமான நிலையில் இருந்தது. நாடு அடிமை நாடு. குழுவின் தலைவர் ஜெரமி ரைஸ்மன் என்ற ஆங்கிலேய அதிகாரி. ஆனால் குழுவில் ரிசர்வ் வங்கி ஆளுநர் சி.டி. தேஷ்முக், பம்பாய்ப் பொருளாதார நிபுணர் ஏ.டி. ஷ்ராஃப், கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் ஆகியோரும் இருந்தார்கள். செட்டியார்தான் மூன்று ஆண்டு கழித்துச் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரானார். போர்க்காலத்தில் பிரிட்டன் இந்தியாவிடம் பொருளாகவும் சேவையாகவும் வாங்கிக்கொண்டு, பணத்தைக் கொடுக்காமல் லண்டனில் கணக்கில் மட்டும் வைத்திருந்தது. அந்த ஸ்டெர்லிங் பாக்கி போர் முடியும்போது 100 கோடி பவுண்டைத் தாண்டியது. வங்காளத்தில் 1943 பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்தபோதும் அந்தக் கணக்கு ஏறிக்கொண்டேதான் இருந்தது. அதில் ஒரு பகுதியையாவது டாலராக மாற்றிக்கொள்ள நிதியம் வழி செய்ய வேண்டும் என்று இந்தியக் குழு வாதாடியது. அது எங்களுக்கும் உங்களுக்கும் இடையிலான விஷயம், இங்கே வேண்டாம் என்று பிரிட்டன் சொல்லிவிட்டது. அமெரிக்காவும் பிரான்ஸும் அதை ஒட்டியே பேசின. உலகத்துக்கே பொதுவான நிதி அமைப்பு ஒன்று பிறக்கும்போது, ஓர் ஏழை நாட்டுக்கு வர வேண்டிய கடன் அதன் வாசலிலேயே நிறுத்தப்பட்டது.

நிதியத்தில் போட வேண்டிய தொகை அமெரிக்காவுக்கு 275 கோடி டாலர், பிரிட்டனுக்கு 130 கோடி, சோவியத்துக்கு 120 கோடி, சீனாவுக்கு 55 கோடி, பிரான்ஸுக்கு 45 கோடி, இந்தியாவுக்கு 40 கோடி என்று முடிவானது. சோவியத் ஒன்றியம் கடைசியில் சேரவில்லை. அதனால் இந்தியா முதல் ஐந்து நாடுகளுக்குள் வந்து, 1970இல் ஜப்பான் முந்தும்வரை நிதியத்தின் செயற்குழுவில் தேர்தல் இல்லாமலே தனக்கென்று ஓர் இயக்குநரை வைத்திருந்தது.

இந்தத் தொகைக்குப் பெயர்தான் கோட்டா. ஐ.எம்.எஃப் பற்றிய செய்திகளில் கடன், நிபந்தனை, தவணை என்று படிக்கிறோம். கோட்டா என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறோம். எல்லாவற்றுக்கும் ஆணிவேர் அதுதான். ஒரு நாடு நிதியத்தில் எவ்வளவு போட வேண்டும் என்பதைச் சொல்வது கோட்டா. எத்தனை வாக்கு என்பதைச் சொல்வதும் அதே கோட்டா. கஷ்டகாலத்தில் எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற வரம்பும் கோட்டாவின் சதவீதமாகவே கணக்கிடப்படுகிறது. நிதியம் புதிதாக எஸ்.டி.ஆர் என்ற கணக்குப் பணத்தை உருவாக்கிப் பங்கு வைத்தால், அதுவும் கோட்டா விகிதத்தில்தான் போகும்.

கடைசியாகச் சொன்னதற்கு ஓர் உதாரணம். கொரோனா காலத்தில், 2021 ஆகஸ்டில், 65,000 கோடி டாலர் மதிப்புள்ள எஸ்.டி.ஆர் உருவாக்கப்பட்டது. ஏழை நாடுகளைத் தூக்கிவிடத்தான் இது என்று பேசப்பட்டது. ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதுக்கும் கிடைத்தது ஏறக்குறைய 3,300 கோடி. அமெரிக்கா ஒன்றுக்கே அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் போனது, அமெரிக்காவுக்கு அப்போது அது தேவையே இல்லாதபோதும். இலங்கைக்கு 78.7 கோடி டாலர் வந்தது. அடுத்த ஏப்ரலிலேயே அந்த நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது.

வாக்கு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு நாட்டுக்கும் சமமாகச் சில அடிப்படை வாக்குகள் உண்டு. அதற்குமேல் கோட்டாவில் ஒவ்வொரு ஒரு லட்சம் எஸ்.டி.ஆருக்கும் ஒரு வாக்கு. இப்போதைய நிலையில் அமெரிக்காவின் கையில் மொத்த வாக்குகளில் 16.5 சதவீதம் இருக்கிறது. ஜப்பான், சீனா இரண்டுக்கும் 6 சதவீதத்தைச் சற்றுத் தாண்டி. ஜெர்மனிக்கு 5க்கு மேல், பிரான்ஸுக்கும் பிரிட்டனுக்கும் தலா 4. இந்தியாவுக்கு 2.6. இலங்கைக்கு 0.14.

இந்தியாவும் சீனாவும் தங்கள் பங்கு குறைவு என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். அது நியாயமான புகார்தான். ஆனால் என்னை அதிகம் உறுத்துவது வேறோர் இணை: லக்சம்பர்க், பங்களாதேஷ். லக்சம்பர்க்கின் மக்கள்தொகை ஏழு லட்சத்துக்கும் குறைவு. பங்களாதேஷில் 17 கோடிப் பேர். லக்சம்பர்க்கின் கோட்டா 132 கோடி எஸ்.டி.ஆர், பங்களாதேஷின் கோட்டா 107 கோடி. பொருளாதார அளவில் பார்த்தாலும் பங்களாதேஷ் பல மடங்கு பெரியது. பிறகு எப்படி?

2008இல் புதுப்பிக்கப்பட்ட சூத்திரத்தில் பதில் இருக்கிறது. அதில் மொத்த உள்நாட்டு உற்பத்திக்குப் பாதி எடை. அந்த உற்பத்தியையும் சந்தை மாற்று விகிதத்தில் 60 சதவீதமும், வாங்கும் சக்தியின்படி 40 சதவீதமும் கலந்து அளக்கிறார்கள். முதல் அளவுகோல் பணக்கார நாட்டுக்குச் சாதகம். நம் நாடுகளில் ஒரு டாலருக்கு அதிகப் பொருள் வாங்கலாம் என்பது அதில் அடிபட்டுப் போகும். அடுத்து, 'திறந்தநிலை' என்ற ஒன்றுக்கு 30 சதவீத எடை. நாட்டுக்குள் வருவதும் வெளியே போவதுமான வணிகம், சேவை, வருமானம் எல்லாவற்றையும் கூட்டி அளப்பது அது. ஐரோப்பாவில் எல்லை தாண்டுவது நமக்குப் பக்கத்து மாவட்டத்துக்குப் போவதுபோல. ஒரு காரின் உதிரிபாகம் மூன்று நாடு கடந்து போனால் மூன்று முறையும் கணக்கில் ஏறும். லக்சம்பர்க்கோ முதலீட்டு நிதிகளின் கூடாரம். அங்கே வருமானம் வந்து தங்காமல் கடந்து போகிறது, கடந்து போவதே அந்த நாட்டின் பொருளாதார எடையாகப் பதிவாகிறது. டாக்காவில் தையல் எந்திரத்தின் முன்னால் குனிந்திருக்கும் பெண்ணின் உழைப்பைவிட, ஒரு நிதிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு நகரும் எண்ணுக்கு இந்த அளவுகோலில் மதிப்பு அதிகம். இதை நியாயம் என்று யாரும் எனக்குப் புரியவைத்ததில்லை.

இந்தச் சூத்திரம்கூட முழுமையாகக் கடைப்பிடிக்கப்படுவதில்லை. இதை அப்படியே போட்டால் சீனாவின் பங்கு இப்போதிருப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போகும். அமெரிக்காவின் பங்கு 15 சதவீதத்தை ஒட்டி வந்து நிற்கும். அந்த 15 என்ற எண்தான் முழுக் கட்டடத்தின் பூட்டு. நிதியத்தின் பெரிய முடிவுகளுக்கு, அதாவது கோட்டாவை மாற்றுவது, சாசனத்தைத் திருத்துவது, எஸ்.டி.ஆர் உருவாக்குவது போன்றவற்றுக்கு, 85 சதவீத வாக்கு வேண்டும். 15க்கு மேல் வைத்திருப்பவர் தனியாகவே தடுத்துவிடலாம். தொடக்கத்தில் கோட்டா மாற்றத்துக்கு 80 சதவீதம் போதும் என்று இருந்தது. அமெரிக்காவின் பங்கு இறங்க இறங்க, தேவையான வரம்பு 85க்கு ஏறியது. பங்கு குறைந்தது, ஆனால் தடுக்கும் அதிகாரம் குறையவில்லை.

அந்த அதிகாரம் எப்படி வேலை செய்யும் என்பதை 2010க்குப் பிறகு உலகமே பார்த்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கோட்டாவை இரட்டிப்பாக்கி, ஆறு சதவீதப் புள்ளிகள் அளவுக்கு வளரும் நாடுகளின் பக்கம் நகர்த்தும் சீர்திருத்தத்தை எல்லோரும் ஏற்றார்கள். அமெரிக்க அரசும் ஏற்றது. ஆனால் அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் தரவில்லை. 150க்கு அருகில் நாடுகள் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தன. ஒரு வருடமல்ல, இரண்டு வருடமல்ல. 2015 டிசம்பர்வரை இழுத்து, 2016 ஜனவரி 26இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கடுத்த பெரிய மறுஆய்வு 2023 டிசம்பரில் முடிந்தது. எல்லோருடைய கோட்டாவும் 50 சதவீதம் உயரட்டும் என்று முடிவு. கேட்பதற்குச் சமமாக இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே சதவீதம் கூட்டினால் பங்கு விகிதம் துளியும் மாறாது. பங்கை மாற்றும் பேச்சு அடுத்த மறுஆய்வுக்குத் தள்ளப்பட்டது.

வாக்கு வாக்கு என்கிறோமே, உண்மையில் நிதியத்தின் தலைமையகம் உள்ள வாஷிங்டனில் கையைத் தூக்கி வாக்கெடுப்பு நடக்கிறதா என்று கேட்டால், அநேகமாக இல்லை. செயற்குழுவில் இப்போது 25 இயக்குநர்கள். பெரும்பாலான முடிவுகள் கருத்தொற்றுமையில் எடுக்கப்படுகின்றன. தலைமையில் இருப்பவர் பேசியவர்களின் கருத்தைக் கேட்டு, அவையின் மனநிலை இது என்று அறிவிப்பார். ஆனால் யார் பின்னால் எத்தனை வாக்கு என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும். தோற்கப் போகிற வாதத்தை யாரும் நீட்டுவதில்லை.

அமெரிக்கா, சீனா, ஜப்பான், ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், சவூதி அரேபியா போன்றவற்றுக்குத் தனித்தனி நாற்காலி. மற்ற நாடுகள் குழு குழுவாகச் சேர்ந்து ஒரு நாற்காலியைப் பகிர்ந்துகொள்கின்றன. சஹாராவுக்குத் தெற்கே உள்ள 45 ஆப்பிரிக்க நாடுகள் நெடுங்காலம் இரண்டே நாற்காலிகளில் நெருக்கிக்கொண்டிருந்தன. 2024 நவம்பரில்தான் மூன்றாவது நாற்காலி வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் கடன் கோப்புகளையும் ஓர் இயக்குநரும் அவருடைய சிறு அலுவலகமும் பார்க்க வேண்டியிருந்தது என்றால், எந்தக் கோப்பை எவ்வளவு ஆழமாகப் படித்திருக்க முடியும் என்று நினைத்துப் பாருங்கள். நாற்காலி கூடினாலும் வாக்கு கூடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இலங்கைக்கும் தனி நாற்காலி இல்லை. இந்தியா, பங்களாதேஷ், பூட்டான், இலங்கை நான்கும் ஒரே குழு. நான்குக்கும் சேர்த்துச் சுமார் 3 சதவீத வாக்கு, அதில் பெரும்பகுதி இந்தியாவுடையது. இன்னொரு விதி: ஓர் இயக்குநர் தன் குழுவின் வாக்குகளைப் பிரித்துப் போட முடியாது. மூன்று நாடு ஒரு பக்கம், ஒரு நாடு மறுபக்கம் என்று பதிவு செய்ய வழியில்லை. எல்லாம் ஒரே மூட்டை. ஆகவே கொழும்பின் கருத்து டெல்லியின் கருத்தோடு ஒத்துப்போகிற அளவுக்குத்தான் கொழும்பின் வாக்குக்கு உயிர்.

2023 மார்ச் 20 அன்று இலங்கைக்கு 300 கோடி டாலர் அளவிலான திட்டத்துக்கு அந்தச் செயற்குழு அனுமதி கொடுத்தது. அது இலங்கையின் கோட்டாவில் 395 சதவீதம். அந்த அனுமதியை ஒட்டி இலங்கை மக்கள் வாழ்க்கையில் நடந்தவை நமக்குத் தெரிந்தவை. 2022 ஆகஸ்டில் 75 சதவீதம் ஏறிய மின்கட்டணம், அடுத்த பிப்ரவரியில் மறுபடி 66 சதவீதம் ஏறியது. 2024 ஜனவரியில் மதிப்புக் கூட்டு வரி 15லிருந்து 18 ஆனது. யாழ்ப்பாணத்தில் பேக்கரி வைத்திருப்பவருக்கும் ஹட்டனில் தேயிலைத் தோட்ட லயன் வீட்டில் ஒரு பல்பு எரிப்பவருக்கும் அது ஒரே பில். நாட்டை ஆண்டவர்கள் செய்த தவறுகளை நான் மறைக்கவில்லை. வரியைக் குறைத்ததும், இரவோடு இரவாக ரசாயன உரத்தைத் தடை செய்ததும் வாஷிங்டன் சொல்லி நடந்தவை அல்ல. ஆனால் சிகிச்சையை முடிவு செய்யும் அறையில் நோயாளிக்கு 0.14 சதவீதக் குரல் என்பதை எப்படிச் சரி என்று சொல்வது?

கோட்டா சிறிதாக இருப்பதால் இன்னொரு சுமையும் உண்டு. கடன் ஒரு வரம்பைத் தாண்டினால் நிதியம் வட்டிக்கு மேல் கூடுதல் கட்டணம் விதிக்கிறது. அந்த வரம்பு கோட்டாவில் 187.5 சதவீதம் என்று இருந்தது. பலத்த எதிர்ப்புக்குப் பிறகு 2024 நவம்பரிலிருந்து 300 ஆக உயர்த்தப்பட்டது. கோட்டா குறைவான நாடு, அதே அளவு கடனிலேயே சீக்கிரம் அந்த வரம்பைத் தொட்டுவிடும். இல்லாதவன் அதிக வட்டி கட்டுகிற கதை நமக்குப் புதிதல்ல; ஊரில் கந்துவட்டியைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் நாம். நாடுகளின் பொது நிதியத்திலும் அதே நடைமுறை இருப்பதுதான் வேதனை.

இதை 2010 மே மாத கிரீஸோடு வைத்துப் பார்க்க வேண்டும். கிரீஸுக்கு அன்று ஒதுக்கப்பட்டது அதன் கோட்டாவில் 3,200 சதவீதத்துக்கு மேல். ஒரு நாட்டின் கடன் திருப்பிக் கட்டக்கூடியது என்று உறுதியாகத் தெரிந்தால்தான் இவ்வளவு பெரிய தொகை கொடுக்கலாம் என்று நிதியத்திடம் ஏற்கெனவே விதி இருந்தது. கிரீஸ் விஷயத்தில் நிதியத்தின் அலுவலர்களாலேயே அந்த உறுதியைத் தர முடியவில்லை. அதனால் விதியையே மாற்றினார்கள்: பிற நாடுகளுக்கும் பரவும் ஆபத்து இருந்தால் விலக்கு உண்டு என்று ஒரு வரி சேர்க்கப்பட்டது. அன்றைய கூட்டத்தில் இந்தியா, பிரேசில், அர்ஜென்டினா, சுவிட்சர்லாந்து இயக்குநர்கள் கவலை தெரிவித்தார்கள். இது கிரீஸ் மக்களைக் காப்பாற்றுவதைவிட, கிரீஸுக்குக் கடன் கொடுத்த ஐரோப்பிய வங்கிகளைக் காப்பாற்றுவதாகவே பார்க்கப்படலாம் என்று பிரேசில் தரப்பு எச்சரித்தது. ஐரோப்பாவின் கூட்டு வாக்கு அப்போது 30 சதவீதத்துக்கு மேல். திட்டம் நிறைவேறியது. அந்த விலக்கு 2016இல் நீக்கப்பட்டது. அதற்குள் அதன் வேலை முடிந்திருந்தது. கிரீஸ் மக்களும் கொடுமையான வெட்டுகளை அனுபவித்தார்கள் என்பதால், இது ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையிலான சண்டை அல்ல. கடன் கொடுத்தவர் பக்கம் வாக்கு குவிந்திருந்தால் கடன்பட்டவர் எந்தக் கண்டத்தில் இருந்தாலும் அடி அவருக்குத்தான்.

இங்கே ஓர் எதிர்வாதத்தைக் கேட்டாக வேண்டும். பணம் போடுகிறவருக்கு அதிகாரம் வேண்டாமா? நாட்டுக்கு ஒரு வாக்கு என்றால், கடன் வாங்குகிறவர்களே பெரும்பான்மையாகி, நிபந்தனை இல்லாமல் தங்களுக்கே கடன் கொடுத்துக்கொள்வார்கள். பணக்கார நாடுகள் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விடும் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. பத்தாயிரம் பேர் வாழும் துவாலுவுக்கும் 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவுக்கும் ஒரே வாக்கு என்பதும் நியாயம் ஆகாது. ஐ.நா. பொதுச்சபைபோல இதை நடத்த முடியாது என்பதை நான் ஏற்கிறேன்.

ஆனால் அந்த வாதத்தில் ஒரு விஷயம் மறைந்துபோகிறது. கோட்டா என்பது தானம் அல்ல. நாடுகள் அதில் கால் பங்கைத்தான் வலுவான செலாவணியில் கட்டுகின்றன. முக்கால் பங்கைத் தங்கள் சொந்தப் பணத்திலேயே கட்டலாம். வலுவான செலாவணியில் கட்டியது அந்த நாட்டின் கையிருப்பாகவே கணக்கில் நிற்கிறது. பயன்படுத்தப்படும் பகுதிக்கு வட்டியும் வருகிறது. நிதியத்தை நடத்தும் செலவைப் பெருமளவு தாங்குவது கடன் வாங்கிய நாடுகள் கட்டும் வட்டியும் கட்டணமும்தான். நம்மூர்க் கூட்டுறவுச் சங்கத்தில் எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் உறுப்பினருக்கு ஒரே வாக்கு. கம்பெனியில் பங்குக்கு ஏற்ற வாக்கு. ஐ.எம்.எஃப் தன்னைப் பற்றிப் பேசும்போது கூட்டுறவு என்கிறது. வாக்கை எண்ணும்போது கம்பெனியாகிவிடுகிறது.

உலக வங்கியிலும் கதை ஏறத்தாழ இதுவே, எண்கள் கொஞ்சம் வேறு. அங்கே தலைவர் எப்போதும் அமெரிக்கர், இங்கே நிர்வாக இயக்குநர் எப்போதும் ஐரோப்பியர். எந்தச் சாசனத்திலும் எழுதப்படாத இந்த ஏற்பாடு 1946 முதல் ஒரு முறைகூட மீறப்படவில்லை. 2012இல் நைஜீரியாவின் நிதியமைச்சர் என்கோசி ஒகோன்ஜோ இவேலா உலக வங்கித் தலைமைக்குப் போட்டியிட்டார். அனுபவத்தில் அவர் யாருக்கும் குறைந்தவர் அல்லர். பதவி அமெரிக்க வேட்பாளருக்கே போனது. 2019இல் ஐ.எம்.எஃப் பதவிக்கு ஐரோப்பா முன்னிறுத்தியவரின் வயது விதியில் இடித்தது. வயது வரம்பே நீக்கப்பட்டது.

வெறுத்துப்போன நாடுகள் தனி வங்கிகளைத் தொடங்கிப் பார்த்தன. பிரிக்ஸ் நாடுகள் 2014இல் அறிவித்த புதிய வளர்ச்சி வங்கியில் நிறுவனர் ஐவருக்கும் சமபங்கு, யாருக்கும் வீட்டோ இல்லை. மனத்துக்கு நிறைவான ஏற்பாடு; ஆனாலும் புதிதாகச் சேருபவர்கள் எத்தனை பேரானாலும் நிறுவனர்களின் வாக்கு 55 சதவீதத்துக்குக் கீழே போகாது என்று எழுதிக்கொண்டார்கள். பெய்ஜிங்கில் உள்ள ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கியில் சீனாவுக்கு 26 சதவீதத்துக்கு மேல் வாக்கு; பெரிய முடிவுக்கு 75 சதவீதம் வேண்டும். வாஷிங்டனில் அமெரிக்கா வைத்திருக்கும் அதே பூட்டைச் சீனா தன் வீட்டுக் கதவுக்கும் போட்டுக்கொண்டது. கை மாறினால் நியாயம் வந்துவிடும் என்று நம்புபவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேறு வழி இல்லாமலில்லை. உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தில் ஒரு முடிவு வாக்கெடுப்புக்கு வந்தால், நாடுகளில் 60 சதவீதமும், பணம் கொடுத்தவர்களின் பங்கில் 60 சதவீதமும் ஆதரிக்க வேண்டும். கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரை ஒருவர் மிதிக்க முடியாது. மணிலாவில் உள்ள ஆசிய வளர்ச்சி வங்கியில் மொத்த வாக்கில் 20 சதவீதம் எல்லா உறுப்பினர்களுக்கும் சமமாகப் பிரிக்கப்படுகிறது. ஐ.எம்.எஃப்-இல் அந்தச் சமப் பகுதி எவ்வளவு தெரியுமா? 5.5 சதவீதம்.

அந்த அடிப்படை வாக்குகளின் கதைதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. 1944இல் ஒவ்வொரு நாட்டுக்கும் 250 அடிப்படை வாக்கு என்று வைத்தார்கள். பெரிய நாடுகளின் கோட்டா அன்று சிறிதாக இருந்ததால் அது மொத்தத்தில் 11.3 சதவீதமாக வந்தது. புதுச் சுதந்திர நாடுகள் சேரச் சேர 1958இல் 15.6 சதவீதம்வரை ஏறியது. அதன்பின் கோட்டாக்கள் பல முறை பெருக்கப்பட்டன. 250 மட்டும் 250ஆகவே நின்றது. 2011க்கு முன் அதன் பங்கு 2 சதவீதத்தை ஒட்டித் தேய்ந்திருந்தது. யாரும் யாருடைய உரிமையையும் பறிக்கவில்லை. எண்ணைத் தொடாமல் விட்டதே போதுமானதாக இருந்தது. 2011இல் அதை மும்மடங்காக்கி 5.502 சதவீதத்தில் நிலைநிறுத்தினார்கள். நல்லதுதான், ஆனால் 1944இல் இருந்ததில் பாதிகூட இல்லை.

டெல்லி தன் 2.6 சதவீதம் போதாது என்று கேட்கும்போது நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் இந்தியாவின் நாற்காலியில் மூன்று அண்டை நாடுகளின் வாக்கும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. பூட்டானின் கோட்டா 2 கோடி எஸ்.டி.ஆர்தான், அதன்மூலம் வருவது 204 வாக்கு. மீதி 1,400 சொச்சம் அடிப்படை வாக்கால் வருவது. சூத்திரத்தை எப்படித் திருத்தினாலும் பூட்டானுக்கு ஒன்றும் கிடைக்காது. அடிப்படை வாக்கு உயர்ந்தால் மட்டுமே கிடைக்கும். இந்தியா தன் பங்குக்காகக் குரல் கொடுக்கும் அதே மூச்சில் இதற்கும் கொடுக்க வேண்டும்.

அடிப்படை வாக்கை 1958இல் இருந்த 15.6 சதவீதத்துக்கே திரும்பக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று இன்றைய கோட்டாக்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு நாட்டுக்கும் அடிப்படை வாக்கு ஏறத்தாழ 4,600 ஆகிறது. பூட்டானின் வாக்கு மூன்று மடங்கை நெருங்குகிறது. இலங்கை 0.14லிருந்து 0.18க்கு மேல் ஏறுகிறது. அமெரிக்கா 16.5லிருந்து 14.8க்கு இறங்குகிறது. 15க்குக் கீழே. யாருடைய கோட்டாவிலும் ஒரு டாலரைக்கூடத் தொடாமல், அறுபது ஆண்டுக்கும் முன்பு நடைமுறையில் இருந்த ஒரு விகிதத்தை மீட்டாலே அந்தப் பூட்டு கழன்றுவிடுகிறது. அதற்குச் சாசனத்தைத் திருத்த வேண்டும். ஐந்தில் மூன்று பங்கு நாடுகளின் சம்மதம் வேண்டும், அது கிடைத்துவிடும். கூடவே மொத்த வாக்கில் 85 சதவீதமும் வேண்டும்.